கிப்போட கோபம் எங்க போச்சு?

எல்லாருக்கும் வணக்கம். 1996ல வந்த 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' 12 ஆஸ்கார் நாமினேஷன்ல 9 வாங்குன படம். அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலு ஸ்டார் குடுத்தாரு, இன்னும் சிலர் ரெண்டே முக்கா மணி நேர இழுவைன்னாங்க, கதையில நோயாளியா வர்ற அல்மாஸி நிஜத்துல ஜெர்மன்காரனுக்கு உளவு வேலை பார்த்தவரு, அவரைப் போய் காதல் ஹீரோ ஆக்கிட்டீங்களேன்னு சண்டை போட்டவங்களும் உண்டு, அதுல நியாயமும் இருக்கு.

ஆனா எனக்கு வலிக்கிற இடம் வேற. கிப், ரெண்டாம் உலகப்போர் கடைசியில இத்தாலியில இருக்குற அந்த சீக்கியப் பையன், வெடிகுண்டை செயலிழக்க வைக்கிற சாப்பர். கொழும்புல பொறந்த மைக்கேல் ஒண்டாச்சி 1992ல எழுதுன மூல நாவல்ல, ஹிரோஷிமா சேதி ஹெட்போன்ல வந்ததும் அவன் அலறிக்கிட்டு ஓடி துப்பாக்கிய எடுத்து, கட்டில்ல கருகிக் கிடக்குற நோயாளி முன்னாடி போய் நீட்டுறான். வெள்ளைக்காரன் நாட்டு மேல இப்படி ஒரு குண்டைப் போட்டிருப்பானான்னு நாவல் நேராவே கேக்குது. சுடல, பைக்கை எடுத்துட்டுப் போயிடுறான். படத்துல இது மொத்தமும் கிடையாது! கூட இருந்த ஹார்டி குண்டுல சாகுறாரு, கிப் அழுறான், வேற இடத்துக்கு மாத்துறாங்க, காதலிச்ச நர்ஸ் ஹானாகிட்ட சொல்லிட்டுக் கிளம்பிடுறான், அவ்ளோதான். காதலை வச்சுக்கிட்டு கோபத்தை எடுத்துட்டாங்க, நாவலுக்கு முதுகெலும்பே அந்தக் கோபம்தாங்க. அவன் சேத்துல படுத்து, குளிர்ல வெரல் நடுங்க ஒயரை வெட்டுற சீன் இருக்கே, பாலத்து மேல டாங்கி வர்ற அதிர்வு நம்ம நெஞ்சுக்கே வரும், அவ்ளோ நல்லா எடுக்கத் தெரிஞ்சவங்க இதை ஏன் விட்டாங்கன்னுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

இதை நான் பெங்களூர் அல்சூர்ல நின்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஏரிக்கு அந்தாண்ட எம்.இ.ஜி. சென்டர், அதாவது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், மெட்ராஸ் சாப்பர்ஸ்னு சொல்லுவாங்க, ஆர்மியில 'தம்பி'ன்னு கூப்பிடுற ஆளுங்க. அந்த சாப்பர்ஸ்ல சுபேதார் சுப்பிரமணியன்னு ஒருத்தரு. 1944 பிப்ரவரி 24, அதே இத்தாலி, மின்யானோ பக்கம் கண்ணிவெடி எடுக்குற வேலை. ஒன்னு கிளம்பிடுச்சு, வெடிக்க சில செகண்ட்தான், அவரு அது மேலயே விழுந்து கூட இருந்தவங்களைக் காப்பாத்திட்டு செத்தாரு. வீரத்துக்கான பிரிட்டிஷ் விருது ஜார்ஜ் கிராஸ் குடுத்தாங்க. படம் பாக்குறப்ப எனக்கு கிப் மூஞ்சியில அவருதான் தெரியுறாரு, அந்த மனுஷனுக்கும் இந்தப் போரைப் பத்திச் சொல்ல ஏதாச்சும் இருந்திருக்கும்ல?

நாவலோட கடைசிப் பக்கத்தையும் பாருங்க. கிப் ஊர்ல டாக்டரா, சாப்பாட்டு மேஜையில உக்காந்திருக்கான், பொண்ணு கையிலேருந்து நழுவுற ஃபோர்க்கை தரைக்குப் போறதுக்குள்ள புடிக்கிறான், குண்டைத் தொட்ட அதே கை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் தமிழ்ல எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன், வாசிச்சிடுறேன், அப்புறம் நீங்க பேசுங்க.