குதிரை போனது, பெயர் நின்றது: பூனா ஹார்ஸ் ரெஜிமெண்ட்டின் கதை

[காட்சி: வரிசையாக நகரும் டாங்கிகள், பின்னால் எழும் புழுதி]

இந்திய ராணுவத்தின் பழைய டாங்கி ரெஜிமெண்ட்டுகளில் ஒன்று பூனா ஹார்ஸ். பெயரில் குதிரை இருக்கிறது, கொட்டிலில் டாங்கிகள் நிற்கின்றன. இங்கே சாதாரணப் படைவீரர் சிப்பாய் இல்லை, சவார். அவருக்கு மேலே தபேதார், ரிசால்தார். எல்லாம் குதிரைப்படைக் காலத்துப் பதவிகள். இவற்றை ஏன் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

தொடக்கம் 1817. பேஷ்வா இரண்டாம் பாஜிராவை ஆங்கிலேயர் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட வைத்தார்கள். அதன்படி புனேயில் ஒரு குதிரைப்படை திரட்டப்பட்டது. செலவு பேஷ்வாவின் தலையில், கட்டளை கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில்.

[காட்சி: பாரசீக வளைகுடா வரைபடம்]

ரெஜிமெண்ட்டின் மரபு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நான் 1857 பிப்ரவரி 8-ஐத்தான் சொல்வேன். இடம், பாரசீகத்தில், அதாவது இன்றைய ஈரானில், குஷாப். அப்போது ஆங்கிலேயருக்கும் பாரசீகத்துக்கும் போர். எதிரே பாரசீகக் காலாட்படை சதுர வியூகத்தில் நிற்கிறது. நான்கு பக்கமும் துப்பாக்கி முனையில் கத்தி. இப்படி நிற்கும் படைமீது குதிரை பாயாது, கத்திச் சுவரைக் கண்டால் விலகி ஓடும். அதனால் குதிரைப்படை சதுரத்தை உடைப்பது மிக அரிது. அன்று மூன்றாம் பம்பாய் இலகு குதிரைப்படை உடைத்தது. அதன் அதிகாரி ஆர்தர் மூர் குதிரையோடு சதுரத்துக்குள்ளேயே பாய்ந்தார். குதிரை செத்து விழுந்தது, வாள் முறிந்தது. ஜான் மால்கம்சன் என்ற இன்னோர் அதிகாரி உள்ளே புகுந்து அவரை மீட்டு வந்தார். இருவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

பூனா ஹார்ஸும் அதே களத்தில் இருந்தது. பாரசீகக் கொடி ஒன்று அதன் கையில் சிக்கியது. கொடிக்கம்பத்தின் உச்சியில் வெள்ளியில் செய்த ஒரு கை. ரெஜிமெண்ட் இன்றுவரை போற்றும் சின்னம் அது. அப்புறம் 1921-ல், முதல் உலகப்போருக்குப் பிந்தைய சீரமைப்பில், இந்த இரண்டு படைகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன. குஷாப் முழுவதும் ஒரே குடும்பத்தின் சொத்தானது.

இரண்டாம் உலகப்போரையொட்டிக் குதிரைகள் போய் இயந்திரங்கள் வந்தன. 1947-ல் நாடு பிரிந்தபோது கவசப்படை ரெஜிமெண்ட்டுகளும் பிரிந்தன. இந்தியாவுக்கு 12, பாகிஸ்தானுக்கு 6. பூனா ஹார்ஸ் நம் பக்கம் வந்தது.

[காட்சி: சென்சூரியன் டாங்கியின் படம்]

சரி, 1965 இந்திய-பாகிஸ்தான் போருக்கு வருவோம். பாகிஸ்தானின் சியால்கோட் பகுதியில் பில்லோராவைப் பிடிக்கும் பொறுப்பு பூனா ஹார்ஸுக்கு. கட்டளை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் அர்தேஷிர் தாராபூர். அவர் ஏறிப் போன சென்சூரியன் டாங்கியின் பெயர் குஷாப். நூறாண்டு முன்பு குதிரைகள் வென்ற களத்தின் பெயரை டாங்கிக்கு வைத்து, அதில் நின்று ரெஜிமெண்ட்டை நடத்தினார். செப்டம்பர் 11 அன்று காயம்பட்டார். பின்னால் போய்ச் சிகிச்சை எடுக்க மறுத்துவிட்டார். ஆறு நாள் சண்டையில் எதிரியின் ஏறத்தாழ 60 டாங்கிகள் அழிந்தன, ரெஜிமெண்ட் இழந்தவை 9 என்கிறது அவருடைய விருதுப் பத்திரம். செப்டம்பர் 16 அன்று பூத்தூர் டோக்ராண்டி அருகே அவருடைய டாங்கி தாக்கப்பட்டு எரிந்தது. தான் இறந்தால் போர்க்களத்திலேயே தகனம் செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். உடலை எரிக்காத மரபில் வந்த பார்சி ஒருவரின் விருப்பம் இது என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் மறைவுக்குப் பின் நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள வீர விருதான பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது.

ஆறு ஆண்டுகள் கழித்து இரண்டாவது பரம் வீர் சக்ரா.

1971 டிசம்பர், மறுபடியும் பாகிஸ்தானோடு போர். கட்டளை அதிகாரி ஹனுத் சிங். பசந்தர் ஆற்றின் அக்கரையில் நம் காலாட்படை இடம் பிடித்துவிட்டது, டாங்கிகள் உடனே வேண்டும். வழியெல்லாம் கண்ணிவெடி, அகற்றும் வேலையோ பாதியில் நிற்கிறது. பூனா ஹார்ஸ் காத்திருக்கவில்லை, கண்ணிவெடி வயலுக்குள்ளேயே டாங்கிகளை ஓட்டிக்கொண்டு போனது.

டிசம்பர் 16 அன்று ஜார்பாலில் பாகிஸ்தானின் டாங்கிகள் எதிர்த்தாக்குதலில் இறங்கின. தடுக்க விரைந்தவர்களில் ஒருவர் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால். வயது 21, அதிகாரியாகி ஆறு மாதம். டாங்கியின் பெயர் ஃபமகுஸ்தா. அன்று அழிந்த பத்து டாங்கிகளில் நான்கு அவர் சுட்டவை. ஃபமகுஸ்தா தீப்பற்றியது. இறங்கு என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, இறங்க மாட்டேன் என்று பதில் சொன்னார். அடுத்து விழுந்த குண்டில் உயிர் போனது.

ஆறு மாத அனுபவம் மட்டும் ஒருவரை அங்கே உட்காரவைக்காது என்பது என் எண்ணம். தனக்கு முன் அந்த ரெஜிமெண்ட்டில் தாராபூர் என்ன செய்தார் என்பது அவருக்குத் தெரியும். பின்வாங்கினால் அந்த ரெஜிமெண்ட்டின் முகத்தில் எப்படி விழிப்பது? மரபின் வேலை இதுதான்.

2001-ல் அருணின் தந்தை, ஓய்வுபெற்ற பிரிகேடியர், தான் பிறந்த மண்ணைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் பிரிகேடியர் நாசர். ஜார்பாலில் எதிரே நின்ற 13 லான்சர்ஸ் என்ற பாகிஸ்தான் டாங்கி ரெஜிமெண்ட்டின் அதிகாரி. உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்று அவரே மனம்விட்டுச் சொன்னார், அந்த வீரத்துக்கு வணக்கமும் சொன்னார்.

[காட்சி: அந்தமான் தீவுகளின் வரைபடம்]

ஃபமகுஸ்தாவை இன்று அகில்யாநகரின் (முன்பு அகமதுநகர்) கவசப்படை மையத்தில் வைத்திருக்கிறார்கள். கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்குக் கேத்தர்பால் பெயர். 2023 ஜனவரியில் அந்தமானின் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவற்றில் தாராபூர் தீவும் உண்டு, கேத்தர்பால் தீவும் உண்டு. வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.