பல்லக்குக்குக் கீழே இருந்த மற்றவர்கள்

எல்லாருக்கும் வணக்கம். பணிவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் அப்பர் பல்லக்குச் சுமந்த கதைக்குத்தான் முதலில் போவார்கள், நானும் அங்கேயே போகிறேன்.

திருப்பூந்துருத்திக்கு ஞானசம்பந்தர் முத்துச் சிவிகையில் வருகிறார். எதிர்கொண்டு அழைக்கப் போன அப்பர், வயதில் எவ்வளவோ மூத்தவர், யார் கண்ணிலும் படாமல் கூட்டத்துக்குள் புகுந்து சிவிகைக்குத் தோள் கொடுத்துவிடுகிறார். "அப்பர் எங்கே?" என்று சம்பந்தர் கேட்க, பதில் கீழேயிருந்து வருகிறது. பதறிப்போய் இறங்குகிறார், ஒருவரையொருவர் வணங்குகிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடி வைத்தது, இன்றைக்குக் கேட்டாலும் கண் கலங்கும்.

சரி, அந்தச் சிவிகையை அப்பர் ஒருவரா தூக்கினார்? முன்னும் பின்னும் ஆட்கள் இருந்தார்களே! அதே பாரம், அதே வழி, ஆனால் அவர்கள் பேர் நமக்குத் தெரியாது, அவர்கள் சுமந்ததைப் பணிவு என்று யாரும் மேடையில் சொல்வதும் இல்லை. அப்பரால் சுமக்காமல் இருந்திருக்க முடியும், அதனால்தான் அது பணிவு. முடியாது என்று சொல்ல வழியில்லாதவன் குனிந்தால் அதற்குப் பயம் என்று பேர், சில நேரம் பசி.

"பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய
சுருக்கத்து வேண்டும் உயர்வு"

963-ஆம் குறள். செழிப்பாக இருக்கும்போது பணிந்து போ, நொடித்துப்போனால் நிமிர்ந்து நில் என்கிறார். இதை அவர் வைத்திருப்பது மானம் என்ற அதிகாரத்தில், அதைக் கவனியுங்கள். நாம் அப்படியே தலைகீழாக்கி, இருப்பவனுக்கு மிடுக்கையும் இல்லாதவனுக்குப் பணிவையும் பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

சம்பள பாக்கி கேட்க வருபவர் கதவோரம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, தப்பா நினைக்கக் கூடாது" என்று ஆரம்பிப்பார், தன்னுடைய காசைக் கேட்பதற்கு! உள்ளே இருப்பவர் அவரை நல்ல பணிவான ஆள் என்பார். அதே ஆள் அடுத்த மாதம் நேராக முகத்தைப் பார்த்து "எப்போ தருவீங்க?" என்று கேட்டால் போச்சு, திமிர் பிடித்தவன்.

அப்போ இல்லாதவன் எடுத்தெறிந்து பேசலாமா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்விதான். கத்தவே வேண்டாம், கட்டிய கையை இறக்கிவிட்டு, கணக்கைச் சொல்லி, பாக்கியைக் கேட்டால் போதும், குறள் சொல்லும் உயர்வு அதுதான் என்பேன். கேட்டதும் அந்த முதலாளி எழுந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தால் ரொம்ப சந்தோஷம், ஆனால் முதலில் பாக்கியைக் கொடுத்துவிடட்டும்.