ஊத்து அடுத்த ஊர்ல, பில்லு நம்ம ஊர்ல

எல்லாருக்கும் வணக்கம், பேச கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. நான் இருக்கறது டெக்சாஸ்ல சான் அன்டோனியோ. இங்க டிவில வானிலை சொல்லும்போது வெயில் எவ்ளோ, மழை வருமா வராதான்னு சொல்லிட்டு கூடவே ஒரு நம்பர் சொல்வாங்க, வந்த புதுசுல அது என்ன கணக்குன்னே எனக்கு புரியல. ஜே-17னு ஒரு கிணறு இருக்கு, ஃபோர்ட் சாம் ஹூஸ்டன்ங்கற ராணுவ முகாமுக்குள்ள, அதோட தண்ணி மட்டம்தான் அந்த நம்பர். பத்து நாள் சராசரி கடல் மட்டத்துக்கு மேல 660 அடிக்கு கீழ போச்சுன்னா பர்மிட் வச்சு தண்ணி எடுக்கறவங்க 20 சதவீதம் குறைக்கணும், 650னா 30, இன்னும் இறங்கினா இன்னும் குறைக்கணும்.

சரி, இதெல்லாம் எதுக்குன்னா, ஒரு 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஊத்துக்காக.

எங்க காலடியில எட்வர்ட்ஸ்னு ஒரு சுண்ணாம்புக்கல் பாறை அடுக்கு. உள்ள பூரா ஓட்டையும் பொந்தும்தான், மேற்கால பெய்யற மழை ஆத்துப்படுகை வெடிப்பு வழியா கடகடன்னு உள்ள இறங்கி, வடிகட்டக்கூட நேரமில்லாம பாறைக்குள்ளயே கிழக்கால ஓடி, நியூ பிரான்ஃபெல்ஸ்ல கோமல் ஊத்தாவும் அதுக்கு அங்கிட்டு சான் மார்கோஸ் ஊத்தாவும் மேல வருது. நாங்க போர் போட்டு உறிஞ்சறதும் அதே தண்ணிதான். ஒரே பானை, அதுல நாங்க அடியில ஸ்ட்ரா போட்டு குடிக்கறோம், விளிம்புல வழியறது அவங்க ஊத்து. மட்டம் இறங்கினா முதல்ல நிக்கறது விளிம்புல வழியறதுதானே.

நின்னும் இருக்கு. 1956ல, பல வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம், கோமல் ஊத்து 144 நாள் வரல. அங்க இருந்த ஃபவுன்டன் டார்ட்டர்னு ஒரு குட்டி மீன், விரல் மூட்டு அளவுதான் இருக்கும், அந்த ஆத்துல பூண்டோட போயிடுச்சு, 70கள்ல சான் மார்கோஸ்ல இருந்து கொண்டாந்து திரும்ப விட்டாங்க. எங்க ஊர் ஊத்து கதை அதைவிட பழசு. சான் அன்டோனியோ ஆறு பிறக்கற ப்ளூ ஹோல்னு ஒரு இடம், இப்போ ஒரு யுனிவர்சிட்டி வளாகத்துக்குள்ள இருக்கு, சுத்தி கல்லு வச்சு கட்டினது, நான் போய் எட்டிப் பாத்தப்போ அடியில காஞ்ச இலையும் நாலஞ்சு சில்லறைக் காசும் கிடந்துச்சு. நல்ல மழை வருஷத்துலதான் அங்க தண்ணியே தெரியும்.

டெக்சாஸ் சட்டம் என்னன்னா, உன் நிலத்துக்கு அடியில இருக்கற தண்ணி உன்னுது, எவ்ளோ வேணா இறைச்சுக்கோ. (இந்தியாவுல 1882 ஈஸ்மென்ட்ஸ் சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லுது, ரெண்டுக்கும் தாய்வீடு இங்கிலாந்து கோர்ட்டு.) 1991ல இங்க ஒரு மீன் பண்ணைக்காரர் ஒரே ஒரு கிணத்துல தினம் சுமார் 4 கோடி கேலன், அதாவது கிட்டத்தட்ட 15 கோடி லிட்டர் எடுத்தாரு, யாரும் கேக்க முடியல. அதே வருஷம் சியரா கிளப்னு ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு, மத்திய அரசு சட்டம் பாதுகாக்கற அந்த குட்டி மீனை வச்சு கேஸ் போட்டாங்க, 1993ல ஜட்ஜ் லூசியஸ் பண்டன், மாநில அரசு ஏதாச்சும் பண்ணுங்க, இல்லன்னா மத்திய அரசு உள்ள வந்துடும்ங்கற மாதிரி இறுக்கிட்டாரு. அப்படி பொறந்ததுதான் எட்வர்ட்ஸ் அக்விஃபர் அத்தாரிட்டி, இந்தத் தண்ணியை யார் எவ்ளோ எடுக்கலாம்னு பர்மிட் குடுக்கற அமைப்பு. இப்போ மொத்த பர்மிட்டே வருஷத்துக்கு 5,72,000 ஏக்கர்-அடிதான் (ஒரு ஏக்கர்ல ஒரு அடி உசரத்துக்கு தண்ணி நின்னா அது ஒரு ஏக்கர்-அடி), அதுக்கு மேல கிடையாது.

இதுல எங்க ஊரு பண்ணினதுதான் எனக்கு பிடிச்ச விஷயம். 2000ல ஓட்டுப் போட்டு விற்பனை வரியில எட்டுல ஒரு சென்ட் ஏத்திக்கிட்டாங்க, அதாவது எட்டு டாலருக்கு சாமான் வாங்கினா ஒரு சென்ட் ஊத்துக்குப் போகும். அந்தக் காசுல, தண்ணி உள்ள இறங்கற நிலத்துல வீடு, பார்க்கிங் லாட்டுன்னு கட்டாம இருக்கறதுக்கு பண்ணைக்காரங்களோட நிரந்தர ஒப்பந்தம் போட்டாங்க, அதுவும் எங்க கவுண்டியிலயே (நம்ம மாவட்டம் மாதிரி) இல்லாத மெடினா, யுவால்டி பக்கமெல்லாம் போய். மழைக்காலத்துல மிஞ்சற எட்வர்ட்ஸ் தண்ணியை ஊருக்குத் தெக்கால கரிசோங்கற மணல் அடுக்குக்குள்ள பம்ப் பண்ணி வச்சுக்கறாங்க, பஞ்சத்துல அதை எடுத்தா ஊத்துப் பக்கம் கை வைக்கறது குறையும். விவசாயிக்கும் ஒரு ஸ்கீம் இருக்கு, அக்டோபர் 1ஆம் தேதி ஜே-17 635 அடியோ அதுக்குக் கீழயோ இருந்தா ஸ்கீம்ல சேர்ந்தவங்க அவங்க எழுதிக் குடுத்த அளவு தண்ணியை அடுத்த வருஷம் இறைக்கக் கூடாது, அதுக்கு காசு. அந்தக் காசுல பெரும்பங்கு எங்க தண்ணி பில்லுல இருந்து போறது, பில்லைப் பாத்து நானும் முணுமுணுத்திருக்கேன்.

2020ல அந்த வரியை வேலைப் பயிற்சிக்கும் பஸ்ஸுக்கும் மாத்திட்டாங்க. பஸ்ஸும் வேணும்தான், இல்லன்னு சொல்லல. நிலத்துக்கு வேற வழியில 10 வருஷத்துக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியிருக்காங்க, ஆனா ஜனங்க நேரா ஓட்டுப் போட்டு எடுத்து வச்ச காசும் கவுன்சில் ஒதுக்கற காசும் ஒண்ணா என்ன, எனக்கு அதுல மனசு ஒப்பல.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து தோட்டத்துக்கு தண்ணி விட எங்க வீட்டுக்குன்னு ஒதுக்கின கிழமையில இல்லாம எங்க ஸ்பிரிங்க்ளர் தப்பான கிழமையில ஓடுதுன்னு சொல்லிட்டுப் போனாரு. டைமர் மாத்தணும், இன்னும் மாத்தல, பேசி முடிச்சதும் அதுதான் முதல் வேலை.