உடைமர நிழலில் கால் மணி நேரம்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பாம்பன், மண்டபம், உச்சிப்புளிப் பக்கமிருந்து வந்திருக்கும் அக்காமார், தம்பிமாருக்கும் வணக்கம்.

இன்றைக்கு வனக்குளியல் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல குளிக்கவே தண்ணி இல்ல. இதுல வனத்துக்கு எங்க போறது?" நியாயமான கேள்விதான்.

வனக்குளியலுக்குத் தண்ணீர் வேண்டாம். 1982இல் ஜப்பான் வனத்துறையின் தலைவராக இருந்த டோமோஹிதே அகியாமா 'ஷின்ரின்-யோகு' என்று பெயர் வைத்துத் தொடங்கிய இயக்கம் இது. காட்டுக்குள் போக வேண்டும், ஆனால் எந்த இடத்தையும் போய்ச் சேர வேண்டியதில்லை. மலையேற்றம் இல்லை, உடற்பயிற்சி இல்லை. மெதுவாக நடப்பது, நிற்பது, உட்காருவது, பார்ப்பது, மோந்து பார்ப்பது, காது கொடுப்பது, அவ்வளவுதான். போனை அணைத்துவிட வேண்டும். பலருக்கு இதுதான் பெரிய விரதம்!

தொடங்கியபோது அதன் பின்னால் மருத்துவ ஆய்வு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அளந்து பார்த்ததெல்லாம் பிற்பாடுதான். சிபா பல்கலைக்கழகத்தின் மியாசாகி குழுவினர் ஜப்பானில் 24 காடுகளில் ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் 12 இளைஞர்கள். பாதிப் பேர் காட்டுக்கு, பாதிப் பேர் நகரத்துக்கு. மறுநாள் இடம் மாற்றிக்கொண்டார்கள். ஏறத்தாழ கால் மணி நேரம் நடை, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பது. காட்டில் இருந்தபோது உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது; நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தன. கால் மணி நேரத்துக்கே இவ்வளவு என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

டோக்கியோவில் சிங் லி என்ற மருத்துவர் இன்னும் ஒரு படி போனார். மூன்று பகல் இரண்டு இரவு காட்டில் தங்கியவர்களின் ரத்தத்தில் 'இயற்கைக் கொல்லி' அணுக்களின், அதாவது நோய்க்கிருமியையும் புற்றணுவையும் தாக்கும் வெள்ளையணுக்களின், வேகம் கூடியிருப்பதைக் கண்டார். ஹினோக்கி என்ற ஜப்பானிய ஊசியிலை மரத்தின் எண்ணெயை ஹோட்டல் அறையில் ஆவியாகப் பரப்பிவிட்டும் பார்த்தார். அங்கேயும் கூடியது. மரங்கள் வெளிவிடும் வாசனைப் பொருள்களுக்கு இதில் பங்கு உண்டு என்பது அவர் முடிவு. ஆனால் அந்தச் சோதனைகளில் இருந்தது பத்துப் பன்னிரண்டு பேர்தான். அதை வைத்துக்கொண்டு 'மரத்தைக் கட்டிப்பிடித்தால் புற்றுநோய் ஓடிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்.

சரி, ஹினோக்கியில் கண்டது நம்மூர் முள்மரமான உடைமரத்துக்குப் பொருந்துமா? அப்படிச் சொல்ல நான் தயாரில்லை. அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்பைப் பார்த்து, 'ஊசியிலைக் காடுதானே' என்பவர்கள் உண்டு. சவுக்கு பூக்கும் மரம். ஊசி மாதிரித் தெரிவது அதன் மெல்லிய கிளைகள். வாசனைக் கணக்கை அப்படியே இங்கே தூக்கிவர முடியாது. ஆனால் மனசு அடங்குவதற்கு ஹினோக்கிதான் வேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேரிடம் கேட்டு 2019இல் வந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்கள், அப்படிக் கழிக்காதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் பூங்காவும் உண்டு, கடற்கரையும் உண்டு. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகத்தையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இயற்கையோடு ஒட்டுதல். டெர்பி பல்கலைக்கழகத்தில் மைல்ஸ் ரிச்சர்ட்சன் குழு இதைத்தான் ஆராய்கிறது. மரத்தின் பெயரைப் படித்து மனப்பாடம் செய்வதால் ஒட்டுதல் பெரிதாக வந்துவிடுவதில்லை. தொட்டு உணர்வது, அழகைக் கவனிப்பது, மனம் இளகுவது, நமக்கு அது என்ன என்று யோசிப்பது, அதன்மேல் இரக்கம் கொள்வது, இவற்றால்தான் வருகிறது என்கிறார்கள். நெய்தல் நிலத்துக்காரர்களுக்கு இது பழைய சேதி. நற்றிணையின் 172ஆம் பாட்டில் ஒரு பெண், தோழியரோடு விளையாடியபோது மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைக்கிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். 'உங்களைவிட இது உசத்தி, இது உங்கள் தங்கை' என்கிறாள் தாய். அதனால் அந்தப் புன்னையடியில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறதாம்! வனக்குளியல் வழிகாட்டிக்கு இதற்குமேல் என்ன பாடத்திட்டம் வேண்டும்?

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டியிருக்கிறது. பாசி எடுக்கப் போகும் அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கடலுக்குள்ளே கிடக்கிறீர்கள். இயற்கையில் அதிக நேரம் கழிப்பது யார் என்று போட்டி வைத்தால் உங்களை வெல்ல ஆளில்லை. அது வேலை. பாறை விரலைக் கிழிக்கும்போது யார் நாடித்துடிப்பு இறங்கும்? எதையும் எடுக்காமல், எதையும் சுமக்காமல் ஒரு நிழலில் உட்காரும் நேரம்தான் உங்களுக்கு இல்லாதது. அதனால் ஊருக்கு ஒரு தோப்பு கேட்கிறேன். சீமைக்கருவேல் வெட்டிய இடத்தைச் சும்மா விட்டால் அதுவே திரும்பி வரும். அங்கே புன்னையும் பனையும் உடைமரமும் வையுங்கள். நடக்கிற தூரத்தில் இருந்தால்தான் பெண்கள் வருவார்கள்.

இன்னொரு விஷயம், இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு சொல்லியே ஆக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மனநோய்க்கு மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும். வனக்குளியல் அதற்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

எங்கே தொடங்குவது? தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களைப் பாருங்கள். இலையின் அடிப்பக்கத்தை, பறிக்காமலே, நாக்கால் தொட்டால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை மரம் இலைவழியே தள்ளிவிடுகிறது. படகில் பாட்டு மட்டும் போட வேண்டாம்.

அவ்வளவு தூரம் முடியாதவர்கள் வீட்டுப் பக்கத்து உடைமரத்தடிக்கு விடிந்ததும் போங்கள். பத்து மணி வெயிலில் போய் உட்கார்ந்துவிட்டு, 'ஒண்ணும் தெரியலையே' என்று என்னிடம் வராதீர்கள். கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம்.