ஆலையை விட்டுப் போவதையும் எண்ணுவோம்
(கிளிநொச்சியில் சிறுதொழில் முயற்சியாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆலை உரிமையாளர்களே, அடுப்படியிலும் காயவிடும் தளத்திலும் நின்று உழைக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, வணக்கம்.

நிலைபேறான உற்பத்தி பற்றிப் பேசச் சொன்னார்கள். இதைப் பற்றி வருகிற கையேடுகள் பெரும்பாலும் பெரிய தொழிற்சாலைகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே சுற்றாடலைக் கவனிக்கவென்றே ஓர் அதிகாரி இருப்பார். இங்கே முதலாளிதான் கணக்கு எழுதுகிறார், அவரே மோட்டரைத் திருத்துகிறார், நெல் வாங்கவும் அவரே போகிறார். ஆகவே நமக்குத் தெரிந்த அரிசி ஆலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். செங்கல் சூளைக்காரரும் பனம்பொருள் செய்வோரும் பொறுத்தருள வேண்டும்.

ஒரு தொன் நெல்லை அவித்துக் குத்தினால் ஏறத்தாழ 200 கிலோ உமி வருகிறது. அதை எரித்தால் 40 கிலோ அளவில் சாம்பல். ஊறப்போட்ட தொட்டியைத் திறந்துவிட்டால் கிட்டத்தட்ட 1000 லீற்றர் தண்ணீர் வெளியேறுகிறது. அரிசி எத்தனை கிலோ என்று கேட்டால் எந்த ஆலையிலும் உடனே பதில் வரும். மற்ற மூன்றையும் கேட்டுப் பாருங்கள், "அது அப்படியே போகும்" என்பார்கள்.

போர் நடந்த நாட்களில் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயை எத்தனை இரவுக்கு நீட்டினோம் என்பது இங்கிருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும். சிக்கனத்தை நமக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. கைக்கு வருவதை எண்ணி எண்ணிப் பாவிக்கிறோம். கையை விட்டுப் போவதைத்தான் எண்ணுவதில்லை. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்.

முதலில் தண்ணீர். பச்சைத் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் நெல் ஊறும்போது தொட்டியின் ஓரத்தில் நுரை கட்டும். அடைப்பைப் பிடுங்கியதும் தேயிலைச் சாயம் போன்ற நிறத்தில், புளித்த வாடையோடு தண்ணீர் வாய்க்காலில் இறங்கும். "நாங்கள் நஞ்சு எதுவும் கலக்கவில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. கலக்கவில்லை, உண்மைதான். ஆனால் நெல்லில் இருந்து கரைந்த சர்க்கரையும் மாப்பொருளும் அதில் இருக்கின்றன. அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் குளத்து நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடுகின்றன. மீன் செத்து மிதப்பது அதனால்தான். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்கப் போகும்போது கழிவுநீர் பற்றிக் கேட்பதும் அதனால்தான்.

இதற்கு வழி இருக்கிறது. 65 முதல் 70 பாகை செல்சியஸ் வரை சூடான நீரில் ஊறவைத்தால் நான்கைந்து மணித்தியாலம் போதும். புளிப்பதற்கு நேரமே கிடைக்காது, சோற்றில் வரும் ஊறல் நாற்றமும் போய்விடும். சூடு அளவை மீறினால் நெல் வெடித்துவிடும் என்பதால் வெப்பமானி கட்டாயம் வேண்டும். வெளியேறும் நீரை அதற்குப் பிறகும் தேக்கிச் சுத்திகரிக்கத்தான் வேண்டும்.

அந்தச் சூட்டுக்கு எரிபொருள் ஏது? உமி இருக்கிறது. அதில் பெரும்பகுதியை வீணாக எரிக்கிறோம். பரந்தன் பக்கம் ஓர் ஆலையில் கொதிகலனிலிருந்து தொட்டிவரை நீராவிக் குழாய் வெறுமையாக ஓடியது. வெப்பக்காப்பு எதுவும் சுற்றியிருக்கவில்லை. அதனருகே நின்று வேலைசெய்த அம்மாவின் முன்னங்கையில் மூன்று தழும்புகள் வரிசையாக இருந்தன. குழாயில் வீணாகும் வெப்பமும் அந்தத் தழும்புகளும் ஒரே குறையால் வந்தவை. கொதிகலனின் பாதுகாப்பு வால்வையும் தயவுசெய்து பாருங்கள். வங்காளதேசத்து அரிசி ஆலைகளில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். அதே நாட்டில் மிஞ்சும் உமியை அழுத்திக் கட்டைகளாக்கி அடுப்பெரிக்க விற்கிறார்கள்.

சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறத்தாழ 700 பாகைக்குள் எரிந்த உமிச்சாம்பலைச் சீமெந்தோடு கலந்து கட்டட வேலைக்குப் பாவிக்கலாம். மிகையான சூட்டில் எரிந்தால் அதிலுள்ள சிலிக்கா படிகமாக மாறும், அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். சாம்பல் அள்ளுபவருக்கு முகக்கவசம் கொடுங்கள்.

மின்சாரத்துக்கு வருகிறேன். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். பிறகு குறைத்தார்கள் என்றாலும் அந்த இரண்டு பில்களையும் யாரும் மறந்திருக்கமாட்டோம். கூரையில் சூரியத் தகடு போடுவது நல்லது. ஆனால் அதற்குக் கடன் வாங்குவதற்கு முன் உங்கள் பில்லை விரித்துப் பாருங்கள். நேர அடிப்படையில் கட்டணம் கட்டும் ஆலை என்றால், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகொன்றின் விலை மிக அதிகம். அரிசி தீட்டும் பொலிஷ் இயந்திரத்தை அந்த நேரத்தில் நிறுத்தி வைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. தளர்ந்த பெல்ட்டை இறுக்குவதற்கும் அப்படித்தான்.

தொட்டிநீரைச் சுத்திகரிப்பது மட்டும் தனி ஆலையால் இயலாத காரியம். திருப்பூரில் சாயத் தொழில் செய்தவர்கள் சிறியவர்கள்தான். நொய்யல் ஆறு கெட்டு, கீழே விவசாயிகளின் கிணறுகள் கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்திருந்தும், கழிவுநீர் முழுவதையும் நிறுத்தாததால் வந்த வினை அது. வேலை இழந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். இங்கே ஆலைக்காரரும் வயற்காரரும் ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள். அண்ணன் ஆலைத் தண்ணீர் தம்பி கிணற்றில் இறங்கும் ஊர் இது. திருப்பூரின் நிலைக்கு நாம் போகக்கூடாது, போகவேண்டிய அவசியமும் இல்லை.

சேர்ந்து சுத்திகரிப்பதென்றால் எவ்வளவு வெளியேறுகிறது என்று முதலில் தெரியவேண்டும். ஆகவே ஒரு வேண்டுகோள். ஒரே வீதியில் இருக்கும் ஐந்து ஆலைகள் சேருங்கள். காலபோக (பெரும்போக) நெல் வந்து இறங்குவதற்குள் ஐந்திலும் நீர்மானி பூட்டுங்கள், உமியை நிறுத்து எழுதுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அறிவியல்நகரில், நம் முற்றத்திலேயே இருக்கின்றன. அளப்பதற்கு மாணவர்களை அனுப்பித் தரும்படி கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கையொப்பம் வைக்க விரும்பும் ஆலைக்காரர்கள் தேநீர் இடைவேளையில் முன்வரிசைக்கு வாருங்கள்.