தத்து எடுத்த பிள்ளையும் தொலைந்த கடைசி நிமிடமும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பள்ளித் தாளாளர் அவர்களே, மாவட்ட நூலகத்திலிருந்து வந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் ஐயா அவர்களே, எங்கள் திரைப்படச் சங்கத்தின் பழைய, புதிய உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் போர்த்திய பொன்னாடையை முதலில் ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பின்னால் புரொஜெக்டர் பக்கத்தில் நிற்கிறாரே, ஆபரேட்டர் அண்ணன், அவருக்கு. மேடைக்குக் கூப்பிட்டேன், வர மறுத்துவிட்டார். நாற்பது வருடமாக நமக்குப் படம் காட்டியவர் அவர். கூட்டம் முடிந்ததும் நானே போய்ப் போர்த்துகிறேன். தாளாளர் அவர்களுக்கு இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. போன முறை நாம் படம் போட்டபோது ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி இல்லாமல் தவித்தோம். இந்த முறை அவரே தைத்து வைத்திருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண், ஒரு பெண், கடைசியில் அவள் யாருக்கு? பழைய ஹாலிவுட் சாகச நகைச்சுவைப் படங்கள் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவும் அழகைப் பற்றி மூன்று விஷயங்கள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, அந்த முக்கோணத்தை எப்படிக் கட்டினார்கள். இரண்டு, தணிக்கைக்காரர்கள் கண்ணில் எப்படி மண்ணைத் தூவினார்கள். மூன்று, அந்தப் பெண் என்ன நினைத்தாள்.

நான் எடுத்துக்கொள்வது பாரமவுண்ட் என்ற ஹாலிவுட் கம்பெனி தொடங்கிய 'ரோட் டு', அதாவது 'இன்ன ஊருக்குப் போகும் பாதை' என்று தலைப்பு வைத்த வரிசைப் படங்களை. 1940-இல் சிங்கப்பூர், அப்புறம் சான்சிபார், மொராக்கோ, யூடோபியா, ரியோ, பாலி, கடைசியாக 1962-இல் ஹாங்காங். மொத்தம் ஏழு. பிங் கிராஸ்பி, பாப் ஹோப், டோரதி லமூர் மூவரும்தான் முக்கோணம். கிராஸ்பி பாடுவார், ஏமாற்றுவார், எப்போதும் ஒரு படி முன்னால் இருப்பார். ஹோப் பயந்தாங்கொள்ளி. ஆனால் தன்னை மன்மதன் என்று நம்பிக்கொண்டிருப்பவர். இருவரும் கையில் காசில்லாமல் ஏதோ ஒரு ஊரில் போய் மாட்டிக்கொள்வார்கள். அங்கே லமூர் வருவார். இருவருக்கும் அவர்மேல் காதல் வரும். பெரும்பாலும் ஜெயிப்பது கிராஸ்பிதான்.

நம் படங்களில் இப்படி ஒரு முக்கோணம் வந்தால் ஒருவர் தியாகம் செய்துவிட்டு ரயில் ஏறுவார், இல்லையென்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். இந்தப் படங்களில் யாரும் சாவதில்லை. தோற்றவனும் அடுத்த படத்தில் அதே நண்பனோடு அதே ஏமாற்று வேலையை ஆரம்பிப்பான். அதனால் முடிவு மதில் மேல் பூனையாக நின்றாலும் யார் மனமும் நோகாது. 1952-இல் வந்த பாலியை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் வண்ணத்தில் வந்த ஒரே படம் அதுதான். லமூர் கிராஸ்பியோடு போய்விடுவார். ஹோப் ஒரு கூடையின் முன் குழல் ஊதுவார். கூடைக்குள்ளிருந்து ஜேன் ரஸ்ஸல் என்ற நடிகை எழுந்து வருவார். அப்பாடா என்று ஹோப் மூச்சு விடுவதற்குள் அவரும் கிராஸ்பியோடு நடையைக் கட்டிவிடுவார். படம் முடிந்தது என்று எழுத்து விழும். அதை விழவிடாமல் ஹோப் கையால் தள்ளிப் பிடிப்பார். தோற்றவன் முடிவையே ஏற்க மறுக்கிறான், பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1983. எனக்கு இருபது வயது. நம் சங்கத்துக்கு 16 மில்லிமீட்டர் பிரதியாக யூடோபியா வந்தது. ரயிலில் மூன்று தகரப் பெட்டி. ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, மழையில் என் சட்டையைக் கழற்றிப் பெட்டிமேல் போர்த்திக்கொண்டு வந்தேன். அன்று இரண்டு தடவை கரண்ட் போனது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. டாக்டர் ஐயா தன் கிளினிக் பெட்ரோமாக்ஸை அனுப்பி வைத்தார், ஞாபகம் இருக்கிறதா ஐயா?

படம் இப்படித் தொடங்கும். ஹோப்பும் லமூரும் கிழவன் கிழவி, பெரிய பணக்காரர்கள். முப்பத்தைந்து வருடம் கழித்து கிராஸ்பி அவர்களைத் தேடி வருகிறார். அப்புறம் பழைய கதை விரியும். அலாஸ்கா, தங்கச் சுரங்கம், திருடப்பட்ட வரைபடம், துரத்தல். கடைசியில் பனித்தரை இரண்டாகப் பிளக்கும். ஹோப்பும் லமூரும் ஒரு பக்கம், கிராஸ்பி மறு பக்கம். கிராஸ்பியை நோக்கி ஒரு கும்பல் ஓடி வருகிறது. அந்த இடத்தில் எங்கள் திரை வெள்ளையாகிவிட்டது! ரீல் சுற்றுகிறது, பிலிம் வால் பட்பட்டென்று அடிக்கிறது. அவ்வளவுதான் படம் என்று விளக்கைப் போட்டோம். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் அதை வைத்து சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் நாலு பக்கம் எழுதினேன். ஹோப் ஒரே ஒரு முறை ஜெயித்தார், அதற்குப் பனிக்கட்டி உதவியது, விதியின் விளையாட்டு என்றெல்லாம். எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வரச் சொன்னார். படிக்கிற காலத்தில் மெட்ராஸில் அந்தப் படத்தைப் பார்த்தவர். "தம்பி, பிள்ளை வந்தானா?" என்றார். "எந்தப் பிள்ளை சார்?" என்றேன். சிரித்தார். "போ, முழுசாப் பாத்துட்டு வா" என்றார். எவ்வளவோ கெஞ்சினேன், சொல்லவே இல்லை. கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும், "என்ன தம்பி, பிள்ளை வந்தானா?" என்பார். பத்து வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

2003-இல் சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் டிவிடி கிடைத்தது. பனி பிளந்தது. கதை கிழவன் கிழவியிடம் திரும்பியது. கிராஸ்பி எப்படியோ தப்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று அவனைக் கூப்பிடுகிறார்கள். வருகிறான் பிள்ளை. அச்சு அசலாக கிராஸ்பியின் முகம்! ஹோப் மெதுவாகக் கேமராவைத் திரும்பிப் பார்த்து, நம்மிடம் சொல்கிறார்: "தத்து எடுத்தோம்." படம் முடிந்தது.

இருபது வருடம் நான் நம்பியதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தலைகீழாகிவிட்டது. யார் ஜெயித்தது? கல்யாணம் ஹோப்புக்கு, முகம் கிராஸ்பிக்கு. பனிக்கு எந்தப் பக்கம் யார் எப்போது இருந்தார்கள்? படம் சொல்லாது. எழுந்து ஓடி வாத்தியாரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் காலமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். ஒன்றரை மணி நேரம் கடைந்த மோரில் வெண்ணெய் திரள்வது அந்த ஒரு நிமிடத்தில்தான். எங்களுக்கு வந்த பிரதியில் அதைக் காணோம். அனுப்பிய நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம், இன்று அது இல்லை. யாரும் வேண்டுமென்று வெட்டியிருக்கவும் மாட்டார்கள். ஆபரேட்டர் அண்ணன்தான் எனக்கு விளக்கினார். ரீலில் முதலில் தேய்வது தலையும் வாலும். கிழிகிற ஒவ்வொரு முறையும் நாலு விரற்கடை வெட்டி ஒட்டுவார்கள். பல வருடம் ஊர் ஊராகச் சுற்றி வந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும்.

இரண்டாவது விஷயம் தணிக்கை. 1933-இல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் எடுத்த 'டிசைன் ஃபார் லிவிங்' என்ற நகைச்சுவைப் படத்தில் இரண்டு ஆண்களும் நாயகி மிரியம் ஹாப்கின்ஸும் ஒரே டாக்சியில் சேர்ந்து போவதோடு கதை முடியும். யாரையும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. அதை ஒளிவுமறைவில்லாமல் காட்ட முடிந்தது. மறு வருடம் கதவு சாத்தப்பட்டது. படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஹாலிவுட் 1930-இல் எழுதி வைத்திருந்த ஹேஸ் விதிகளை 1934-இலிருந்து தணிக்கைத் தலைவர் ஜோசப் பிரீன் கண்டிப்பாக அமல்படுத்தினார். கல்யாணத்தின் புனிதம் கெடக் கூடாது, கள்ளக் காதலை நியாயப்படுத்தக் கூடாது. அவருடைய அலுவலக முத்திரை இல்லாமல் பெரிய கம்பெனிப் படம் எதுவும் வெளியே வர முடியாது. அந்தக் காவலுக்கு நடுவில் 1946-இல் யூடோபியா வெளியானது! எப்படி? தப்பு நடந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. தத்து எடுத்தோம் என்பது எவ்வளவு ஒழுக்கமான வாக்கியம்! மீதியை நம் தலைக்குள் நாமே எழுதிக்கொள்கிறோம். அந்தத் திரைக்கதையை எழுதிய நார்மன் பனாமாவும் மெல்வின் ஃபிராங்கும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள்.

இந்த முடிவுகளை நான் பெரிதும் மதிப்பதற்குக் காரணம் இதுதான். ரசிகன் யோசிப்பான் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம்பி வைத்த இடம் கடைசி நிமிடம். அதைத் தொட்டால் தாழி உடைந்தது. இன்று கைபேசியில் பார்க்கிறோம், கதை முடியும் முன்பே அடுத்த படத்துக்கு எண்ணிக்கை ஓடத் தொடங்குகிறது. தியேட்டரில் கார் எடுக்கும் அவசரத்தில் பத்து நிமிடம் முன்பே எழுந்துவிடுகிறோம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், உட்காருங்கள்.

ஒரு நிமிடம் போனதற்கே எனக்கு இத்தனை வருத்தம். முழுப் படமே போனால்? தமிழின் முதல் பேசும்படம் காளிதாஸ், 1931. ஒரு பிரதிகூட இல்லை. நடராஜ முதலியார் எடுத்த கீசக வதம், தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். அதுவும் இல்லை. பழைய பிலிமில் வெள்ளி இருக்கிறது என்று கரைத்து விற்றார்கள். மீதி தானாகவே எரிந்தது, வினிகர் மாதிரிப் புளித்து வீணானது. புனேயில் 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தபோது பாதி வெண்ணெய் மண்ணில் கொட்டியாகிவிட்டது.

அதனால்தான் நூலகர் அம்மாவை வற்புறுத்தி அழைத்தேன். நூலகத்தின் மேல்மாடியில் பூட்டிக் கிடக்கும் அறையை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கொடுங்கள் அம்மா. ஈரம் இல்லாத ஒரு அலமாரி கொடுங்கள். இந்த ஊரில் டூரிங் டாக்கீஸ் நடத்திய குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் பரணில் தகரப் பெட்டி இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். திறந்தால் வினிகர் வாசம் அடித்தாலும் தூக்கிப் போட வேண்டாம், எங்களிடம் கொண்டு வாருங்கள். எது உருப்படும் என்று அண்ணன் பார்த்துச் சொல்வார். வாசலில் மனு வைத்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தாளாளர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூன்றாவது விஷயம், லமூர். 1962-இல் ஹாங்காங் எடுத்தபோது நாயகி இடத்தை ஜோன் காலின்ஸுக்குக் கொடுத்துவிட்டு, லமூருக்குச் சின்ன வேடம்தான் கொடுத்தார்கள். அது பெரிய கதை, தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டும். தலைவர் இரண்டாவது முறை மணி அடித்துவிட்டார்.

இப்போது நாம் பார்க்கப்போவது 1947-இல் வந்த ரியோ. நூறு நிமிடம். இதன் முடிவை மட்டும் நான் சொல்லவில்லை. நயாகரா அருவி வந்ததும் ஒரு கதவு வரும், அதில் ஒரு சாவித்துவாரம். அப்போது யாரும் செருப்பைத் தேடக் கூடாது. அண்ணே, விளக்கை அணைக்கலாம்.