நோட்டுக் கட்டும் கடை வாசலும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில் ஹிட்லர் எப்படி ஆட்சிக்கு வந்தார் என்று கேட்டால், பலரும் 1923-ஆம் ஆண்டுப் பணவீக்கத்தைத்தான் சொல்வார்கள். அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். காலையில் வாங்கிய கூலி சாயங்காலம் வெறும் காகிதம். பிள்ளைகள் நோட்டுக் கட்டுகளை அடுக்கி விளையாடும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் அதே நவம்பரில் மியூனிக்கில் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்கச் செய்த முயற்சி மறுநாளே பிசுபிசுத்துப் போனது. 1928 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீத வாக்கு. சேமிப்பைப் பறிகொடுத்த ஆத்திரம் உள்ளுக்குள் கனன்றது உண்மைதான். அது மட்டுமே அவரைக் கொண்டுவந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்கக் கடனை நம்பி ஓடிய ஜெர்மனி தள்ளாடியது. 1931 ஜூலையில் டானாட் என்ற பெரிய வங்கி கதவடைத்தது. 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் 60 லட்சம். சான்சலராக, அதாவது பிரதமராக, இருந்த புரூனிங்கோ நாடாளுமன்றத்தை ஓரங்கட்டி, அவசர ஆணைகளாலேயே சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டினார். ஆணையால் ஆளும் பழக்கம் ஹிட்லருக்கு முன்பே வந்துவிட்டது, கவனியுங்கள். 1932 ஜூலைத் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சிக்கு 37 சதவீத வாக்கு.

வேலை போனவர்களில் பலர் கம்யூனிஸ்டுகள் பக்கம் சாய்ந்தார்கள். நாஜிகளுக்கு அதிகம் கைகொடுத்தவர்கள் சிறு கடைக்காரர்களும் விவசாயிகளும். இன்னும் விழாதவர்கள், அடுத்தது நாம்தானோ என்று நடுங்கியவர்கள். யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. ஜனத்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லாத யூதர்களை நாஜிகள் கைகாட்டினார்கள்.

நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 20 லட்சம் வாக்குகள் குறைந்தன. இருந்தும், ஹிட்லரைக் கைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று முன்னாள் சான்சலர் பாப்பென் கணக்குப் போட்டார். 1933 ஜனவரி 30 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பர்க் ஹிட்லரைச் சான்சலராக்கினார்.

ஏப்ரல் 1, சனிக்கிழமை. யூதர் கடை வாசல்களில் நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டை அடியாட்கள், கையில் ‘யூதரிடம் வாங்காதே’ என்ற அட்டை. கொலோனில் ஒரு கடைக்காரர், முதல் உலகப் போரில் வாங்கிய இரும்புச் சிலுவைப் பதக்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு அவர்கள் பக்கத்திலேயே நின்றார். ஆறு நாளில், யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. போர்முனையில் நின்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 1935-இல் அந்த விலக்கும் போயிற்று.